ஓர் ஏச்சுக்காக ஆறு வருஷம்

ஏச்சு வாங்குவதற்காக ஒருத்தன் சாமி கும்பிட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த அம்மன் வாசலில் நின்று, ‘ஆத்தா, அந்தப் பொம்பளை வாயால் என்னை நல்லா நாலு வார்த்தை ஏச வை’ என்று கேட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

என் பெயர் வேலாயுதம். இந்தத் தோட்டத்தில் கொழுந்துக் கங்காணி. கொழுந்து எடுக்கிற பெண்களை மலைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுத்து, பின்னால் நின்று கத்துகிறது என் வேலை. கங்காணி என்றால் வாய்தானே. என் சத்தம் கீழே ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது வயது அறுபத்தைந்து. திருவிழாவில் எழுந்து பேசச் சொல்லி கோயில் கமிட்டிக்காரர்கள் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். இந்த வருஷம்தான் என்னால் முடிகிறது.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம். அப்போது நடந்தது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நம் ஆட்களுக்குப் பாதி தெரியும்.

ஐந்து நாளாக அடை மழை. அன்றைக்கு எங்களுக்கு வேலை பதினோராம் நம்பர் மலையில். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வந்து நிரைக்கு நின்றார்கள். செல்லாயி வந்திருந்தாள். அவள் மகள் லெட்சுமியைக் காணவில்லை. செல்லாயிக்குப் புருஷன் இல்லை, அந்த ஒரு பிள்ளைதான். பத்தொன்பது வயது. கையில் வேகம் அப்படி, என் கூட்டத்தில் அவளைப்போல் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது.

நான் நிரை பிரித்து முடிக்கிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் இருந்த கம்பளியைத் தாயின் தலையில் போட்டுவிட்டு என் முன்னால் நின்றாள். பிந்தி வருகிறவளுக்குக் கடைசி நிரை. அது நான் வைத்த சட்டம். கடைசி நிரை என்றால் கான் ஓரம். மழைத் தண்ணீர் ஓடுகிற கானை ஒட்டிச் செங்குத்தான சரிவு, அட்டைக்கடி, கொழுந்தும் குறைவு. யாருக்கும் பிடிக்காது. அதனால்தான் அதைத் தண்டனையாக வைத்திருந்தேன்.

“பிந்தி வந்த மகாராணிக்குக் கடைசி நிரை” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். லெட்சுமியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

பத்து மணி இருக்கும். மேலே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அரிசி மூட்டையைத் தரையில் இழுத்தால் வருமே, அந்த மாதிரி. நான் திரும்பிப் பார்த்தபோது கான் ஓரத்தில் தேயிலையே இல்லை. சிவப்பு மண்தான் இருந்தது.

ஆம்பிளைகளைக் கூப்பிட்டு வெட்டினோம். நானும் வெட்டினேன். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று கடைசியில் கையால் பறித்தேன். முதலில் கூடை வந்தது. நசுங்காமல் இருந்தது. உள்ளே அவள் எடுத்த கொழுந்து அப்படியே இருந்தது. அதை நான் நிறுக்க விடவில்லை. மறுநாள் அவள் குழியில் கொட்டினேன்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். மழைக்கு மலை சரிந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு உன்மேல் தவறில்லை என்றார். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லாரும் விதி என்றார்கள். நான் கொடுத்த நிரையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. செல்லாயியும் திறக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. எட்டாம் நாள் வேலைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த நிரையில் போய் நின்றாள். தலையில் லெட்சுமி கொண்டு வந்த அதே கம்பளி.

அன்றைக்குத்தான் எனக்கு வாய் போனது. கொழுந்து எடுக்கத் தொடங்குமுன் கங்காணி “பொலியோ பொலி” என்று கூவ வேண்டும். பெண்கள் “பொலி, பொலி” என்று திருப்பிச் சொல்லி முதல் கொழுந்தைக் கூடையில் போடுவார்கள். மலை பெருகிக் கொடுக்கட்டும் என்று கும்பிடுகிற கும்பிடு அது. முப்பது வருஷமாகக் கூவினவன் நான். அன்றைக்கு வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. இருபத்தேழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் மூத்தவள் பாப்பாத்தி. அவள்தான் பாவம் என்று நினைத்து எனக்காகக் கூவினாள். பிறகு ஆறு வருஷம் அவள்தான் கூவினாள்.

கடைசி நிரைக்கும் என்னால் ஆள் போட முடியவில்லை. எந்த மலைக்குப் போனாலும் சரி, நல்ல வெயில் அடித்தாலும் சரி. ஒரு பெயரைச் சொல்லப் போவேன், பெயர் வெளியே வராது. விட்டுவிட்ட நிரையில் கொழுந்து முற்றிப்போனது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்துவிட்டுக் குதித்தார். என்ன செய்வது? நானே ஒரு கூடையை மாட்டிக்கொண்டு கடைசி நிரையில் இறங்கினேன். ஆம்பிளை, அதுவும் கங்காணி, பொம்பளைகளோடு சேர்ந்து கொழுந்து எடுக்கிறான் என்று இளம் பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுபோனது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழை தூறினால் கை சில்லிட்டுவிடும். ஈர மண் வாசம் வந்தால் சோறு இறங்காது. தலை எண்ணத் தொடங்கினேன். கூட்டத்தை எண்ணுவேன். இருபத்தேழு. கொஞ்சம் நேரத்தில் மறுபடியும் எண்ணுவேன். ஒருத்தி புதர் மறைவில் குனிந்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து எண்ணுவேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தரம் எண்ணியிருப்பேன்.

தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தலில் கலவை கொடுத்து, வயசாகிவிட்டது கங்காணி, வேறொன்றுமில்லை என்றார். கோடாங்கி வந்து, அந்தப் பிள்ளை என்னைப் பிடித்திருக்கிறாள் என்று சொல்லி விபூதி அடித்தான். அவனை நான் வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அவள் எதற்காக என்னைப் பிடிக்க வேண்டும்? அவள் சிரித்துக்கொண்டு போனவள். என்னைப் பிடித்தது நான்தான்.

என் பெஞ்சாதி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சேதி கேட்டு வந்து என்னைக் கூட்டிப்போனாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அங்கேயும் மழைதானே. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளை எண்ணுவேன். மூன்று. சோற்றில் கை வைக்குமுன் மறுபடி மூன்று. முதலில் அவர்கள் தாத்தா விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். பிறகு பயந்தார்கள். சின்னவள் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழம்பு ஊற்றினாள். இருபதாம் நாள் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். வந்து லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராக் கதவைத் திறந்தபோது அடுப்புச் சாம்பல் ஈரத்தில் கட்டிப்போயிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கேட்க ஆளில்லாத அழுகை. அந்த மாதிரித் தனிமை எதிரிக்கும் வேண்டாம்.

ஆத்தாவிடம் முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? மறக்க வை என்று கேட்டேன். இரண்டு வருஷம் அதையே கேட்டேன். திருவிழாவுக்குத் தீ மிதித்தேன். காலில் ஒரு கொப்புளம் இல்லை. இறங்கி வந்த அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. பந்தலில் நின்ற கூட்டத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். ஆத்தா மேல் எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு பேருக்குச் செய்கிறாய், எனக்குச் செய்தால் என்ன கேடு என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன். பூசை முடிந்தும் பெண்கள் பக்கம் தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றது. செல்லாயி. நான் விபூதி வாங்கிக்கொண்டு வெளியே போகும்வரைக்கும் அவள் முன்னால் வரவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும்.

அந்தப் பார்க்காத முகம் என்னைக் கொன்றது. ஊர் பூராவும் தவறில்லை, தவறில்லை என்று சொல்கிறது. தவறு நடந்தது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். என் பிள்ளையைக் கொன்ற பாவி என்று சொல்லட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும். அன்றையிலிருந்து வேண்டுதலை மாற்றினேன். மறக்க வை என்று கேட்கவில்லை. அவள் வாயைத் திற ஆத்தா, என்னை ஏசட்டும் என்று கேட்டேன். நாலு வருஷம், ஒரு வெள்ளி விடாமல்.

சரிந்த இடத்தை அப்படியே போட்டு வைக்கவில்லை. கல் கட்டி, கானைத் திருப்பி, புதுக் கன்று நட்டார்கள். கன்று வளர, வெட்டி விட்டு, கொழுந்து எடுக்கிற மட்டத்துக்கு வந்து, அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் அந்தச் செடி முதல் கொழுந்துக்கு வந்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நின்றபோது கண்டாக்கையா சாதாரணமாகச் சொன்னார், வேலாயுதம் ஆட்கள் இன்றைக்குப் பதினோராம் நம்பர் என்று.

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தூறல் வேறு. நிரை பிரித்தேன். பாப்பாத்தி பொலி கூவினாள். நான் கூடையை மாட்டிக்கொண்டு கான் ஓரத்துக்குப் போனேன். எல்லாம் இளஞ்செடி. பச்சைப் பசேலென்று நின்றது. அதன் கீழே என்ன மண் என்று எனக்குத் தெரியும். நாலைந்து பிடி எடுத்தேன். கொழுந்தும் காம்பும் முற்றின இலையுமாகப் பிய்ந்து வந்தது. அதற்குமேல் முடியவில்லை. அப்படியே கானில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ வந்து நிற்பது தெரிந்தது. முதலில் கம்பளியின் ஓரத்தைத்தான் பார்த்தேன். கறுப்புக் கம்பளி, ஒரு மூலையில் சிவப்பு நூலால் தைத்தது. செல்லாயி என் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

“என்னாங்க கங்காணி இது? கொழுந்தா இது? மாட்டுக்குப் போடுற தழை. ஆறு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஆறு வருஷமா இதே லெச்சணந்தான். பச்சப்புள்ள மாதிரி செடி. மொத மொதலாக் குடுக்குது. அதப் போயி இப்பிடியா பிச்சுப் போடுவாங்க? கை அழுகாதா ஒங்களுக்கு?”

நான் கேட்டது இதுதானா? கொழுந்துக்காகவா இவள் ஏசுகிறாள்? இருந்தாலும் ஏச்சுத்தானே. அந்த வாயால் வந்த ஏச்சு. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஊற்றியது.

“ஏசு புள்ள” என்றேன். “இன்னும் ஏசு. நாந்தானே அவளுக்கு இந்த நிரையக் குடுத்தேன்.”

அவள் கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள். பிறகு தலையில் கிடந்த கம்பளியை இழுத்து என் முன்னால் பிடித்தாள்.

“இத மறந்துட்டு வந்தவ நான். பாதி வழியில, மழையில, போயி எடுத்துக்கிட்டு வாடின்னு அவள திருப்பி அனுப்புனவ நான். அவ பிந்துனது என்னால. எங்க நீங்க அதக் கேட்டுருவீங்களோன்னுதான் ஒங்க மூஞ்சியப் பாக்காம இருந்தேன்.”

ஆறு வருஷம் அவள் எனக்குக் கோபம் காட்டினாள் என்று நினைத்தேன். அவள் எனக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு, ஒரே மலையில், பத்து நிரை தள்ளி நின்றிருக்கிறோம். மழைக்குக் கம்பளி கேட்பது ஒரு தவறா செல்லாயி என்றேன். பிந்தினவளுக்குக் கடைசி நிரை கொடுப்பது மட்டும் தவறா என்று அவள் கேட்டாள். அவளும் கானில் உட்கார்ந்துவிட்டாள். அழுதோம். என் கூட்டத்துப் பெண்கள் குனிந்து வேலை பார்த்தார்கள், ஒருத்தியும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு அவள்தான் முதலில் எழுந்தாள். முகத்தைக் கம்பளியில் துடைத்துக்கொண்டாள்.

“எந்திரிங்க. இந்த நிரைய எனக்குக் குடுங்க. கங்காணி வாயால சொல்லிக் குடுங்க.”

நான் எழுந்தேன். ஆனால் உடனே சொல்லவில்லை. கானைப் பிடித்து மேலே ஏறினேன். உச்சி வரைக்கும் போனேன். வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் கலங்கி வருகிறதா, கல்கட்டு அசைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக ஓடியது. ஐம்பத்தாறில் நான் பார்க்காமல் விட்டதை அன்றைக்குப் பார்த்தேன். இறங்கி வந்து அவள் முன்னால் நின்றேன். ஆத்தா என்று மனசுக்குள் கூப்பிட்டேன்.

“செல்லாயி, கடைசி நிரை” என்றேன்.

அவள் போய்ச் செடி முன்னால் நின்றாள். கை வைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பொலி சொல்ல மாட்டீங்களா என்று கேட்டாள்.

வந்தது. பழைய சத்தம் இல்லை. கிழிந்த சத்தம். “பொலியோ பொலி.” மலையில் அங்கங்கே தலைகள் நிமிர்ந்தன. பாப்பாத்திதான் முதலில் திருப்பிச் சொன்னாள். பிறகு இருபத்தேழு பேரும். செல்லாயி முதல் கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பூப்போலக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

இதுதான் ஆத்தா எனக்குச் செய்தது. நோய் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் மழை பிடித்தால் கை சில்லிடுகிறது. இன்றைக்கும் தலை எண்ணுகிறேன். ஆனால் இப்போது நான் எண்ணத் தொடங்கினால் செல்லாயிக்குத் தெரிந்துவிடும். நிரையில் இருந்தபடியே குரல் கொடுப்பாள், “இருபத்தேழு, எல்லாரும் இருக்காங்க கங்காணி” என்று. அதோடு நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் நிறுத்திவிடுவேன்.

என் கூட்டத்தில் கடைசி நிரை இப்போது யாருக்கும் தண்டனை இல்லை. முறை வைத்துப் போகிறோம். மழை நாளில் நான் கானை ஏறிப் பார்க்காமல் ஒருத்தியும் கூடை மாட்டக்கூடாது. தண்ணீர் கலங்கினால் எல்லாரையும் கீழே இறக்கிவிடுவேன். நாலைந்து தரம் இறக்கிவிட்டேன், ஒரு தரமும் மலை சரியவில்லை. கண்டாக்கையா என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார். சொல்லட்டும். பிந்தி வருகிறவளிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்கப் பழகியிருக்கிறேன். முப்பது வருஷமாக அதைக் கேட்கவில்லையே என்று இருக்கிறது.

லயத்துக்குத் திரும்பினால் தனி ஆள்தான். அடுப்பு, பாய், ஒரு கோப்பை. தனிமை போகவில்லை. ஆனால் கந்தப்பளைப் பேத்தி போன தைப்பொங்கலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் ஒரே தரம்தான் எண்ணினேன்.

உங்களில் என்னைப்போல எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு, வயதாகிவிட்டது, இனி எங்கே என்று ஒதுங்கி இருப்பீர்கள். ஆத்தாவிடம் வாருங்கள். மறக்க வை என்று கேட்காதீர்கள். எனக்கு அது கிடைக்கவில்லை, கிடைக்காததும் நல்லது, லெட்சுமியை மறந்திருந்தால் நான் மனுஷனா? உள்ளே எது வேண்டுமோ அதைக் கேளுங்கள், ஏச்சானாலும் கேளுங்கள். இன்னொன்று. அவள் வாயைத் திற என்று நாலு வருஷம் ஆத்தாவைக் கேட்டவன், என் வாயைத் திறந்து செல்லாயி என்று ஒரு தரம் கூப்பிடவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள். என் முட்டாள்தனத்தைப் பொறுத்துக்கொண்டு, ஆத்தா அவளையே என்னிடம் அனுப்பினாள். நீங்கள் அவ்வளவு நாள் வைக்காதீர்கள். விபூதி வாங்கிக்கொண்டு நேரே போய்ப் பேசுங்கள்.

இதைச் சொல்லலாமா என்று செல்லாயியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். சொல்லுங்கள், ஆனால் இழுத்துக்கொண்டே போகாதீர்கள், பூசைக்கு நேரமாகும் என்றாள். இழுத்துவிட்டேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இறங்கினதும் எனக்கு ஏச்சு உண்டு. அதை வாங்கிக்கொள்ளத்தான் போகிறேன்.